சம்மனசும் அதன் துணைச்சொற்களும்

ஒரு சொல்லை மக்கள் எவ்வாறு உணர்ந்துகொண்டனர் என்பதை, அதனோடு இணைந்து வழங்கும் சொற்களே காட்டிவிடும். ஆங்கிலத்தில் 'செரப்' என்றதும் கொழுத்த கன்னமும் கள்ளமற்ற சிரிப்பும் உடன் வந்து நிற்கின்றன. மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் தீட்டிய சிறகு முளைத்த குழந்தை அது. விவிலியம் காட்டும் கெருபோ ஏதேன் தோட்டத்தின் கிழக்கே, சுடர்வாள் சுழலும் இடத்தில் காவல் நிற்பது. எசேக்கியேல் கண்ட காட்சியில் நான்கு முகம் கொண்டது. துணைச்சொல் மாறவே, அஞ்சத்தக்க காவலர் கொஞ்சத்தக்க மழலையாகிவிட்டார்!

நம் தமிழில் நிகழ்ந்தது வேறு. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, வடமொழி கலந்த தமிழில் மறையை விளக்கினார். அந்நடை வேரூன்றிய நம் பழைய செபநூல்கள் கெருபுகளை 'ஞானாதிக்கர்' என்றும், சேராபீன்களைப் 'பக்தி சுவாலகர்' என்றும் அழைத்தன. கெருபு என்பது அறிவின் நிறைவு, சேராபீன் என்பது எரியும் அன்பு என ஆறாம் நூற்றாண்டில் பெரிய கிரகோரியார் தந்த விளக்கம் இப்பெயர்களில் பொதிந்துள்ளது.

எல்லா அணிகளுக்கும் பொதுப்பெயராக நின்றது 'சம்மனசு'. அதனுள் 'மனசு' ஒலிப்பதை எவரும் கேட்கலாம். நன்மனம் படைத்தவர் என்றே முன்னோர் பொருள் கொண்டனர். 'காவல் சம்மனசு' என்றபோது, அவர்கள் தம் அருகே ஒரு நல்ல மனத்தை உணர்ந்தனர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் வழிபாட்டுத் தமிழ் புதுநடை பெற்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'வானதூதர்' என்கிறது. கிரேக்க 'ஆங்கெலோஸ்', எபிரேய 'மலாக்' இரண்டும் தூதர் என்றே பொருள்படுதலால், இது மூலத்திற்கு நெருங்கிய சொல். 'தூதர்' என்பது பணியின் பெயர், இயல்பின் பெயரன்று என்று புனித அகுஸ்தீனார் அன்றே தெளிவுபடுத்தினார். பணியைப் புதுச்சொல் உரைக்கிறது. இயல்பைப் பழஞ்சொல் காத்து வைத்திருக்கிறது.

வில்லாபுரம் போன்ற நம் பகுதிகளின் குடும்பச் செபத்தில் பாட்டி 'காவல் சம்மனசே' என்கிறார். பேரப்பிள்ளை 'காவல் தூதரே' என்கிறது. ஒருவர் சொல் மற்றவருக்கு விளங்காமற்போனால், இழப்பு சொல்லோடு நில்லாது. நான்கு நூற்றாண்டு மன்றாட்டின் நினைவும் உடன் மறையும். செப்டம்பர் 29-இல் அதிதூதர் திருவிழாவையும், அக்டோபர் 2-இல் காவல் தூதர் நினைவையும் கொண்டாடும் நாம், அந்நாள்களிலேனும் இரு பெயர்களையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போமாக.