வீட்டு ஒலிக்கருவிகளில் இரைச்சலும் ஒலிப்புக் குறைகளும்

வீட்டிலும் கையிலும் பயன்படும் ஒலிக்கருவிகளில், பதிவில் இல்லாத ஒலி கேட்பது இரைச்சல் என்றும், பதிவில் உள்ள ஒலி நின்றோ மங்கியோ வேகம் மாறியோ வருவது ஒலிப்புக் குறை என்றும் வகுக்கப்படும். இவற்றுள் மிகுதியானவை கருவியின் உள்ளுறுப்பு பாழானதால் வருவன அல்ல. மின்வழி, இணைப்பு, அழுக்கு ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்து பிறப்பன. ஆதலால் புதிய கருவி வாங்குவதற்கு முன்னர், கேட்கும் ஒலியின் இயல்பைக் கொண்டு காரணத்தைப் பிரித்தறிவது பயனும் சிக்கனமும் தரும். அம்முறை இங்கே திருவண்ணாமலையின் பயன்பாட்டுச் சூழலை வைத்து விளக்கப்படுகிறது.

திருவண்ணாமலைச் சூழல்

2,668 அடி உயர மலையின் அடிவாரத்தில் அருணாசலேசுவரர் கோயிலைச் சுற்றி வளர்ந்த இவ்வூரில் பக்திப் பாடல் ஒலிப்பது அன்றாட வாழ்வின் பகுதியாகும். 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையின் கடைகளில் பென் டிரைவ் செருகிய ஸ்பீக்கர்களும், வீட்டுப் பூசை அறைகளில் ஒரே மந்திரத்தை இடைவிடாது ஒலிக்கும் மந்திரப் பெட்டிகளும் இயங்குகின்றன. மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இத்தலத்தில் அருளினார் என்பதும், அருணகிரிநாதர் இவ்வூரில் தோன்றினார் என்பதும் மரபாதலால், மார்கழி விடியலில் திருவெம்பாவையும் ஆண்டு முழுவதும் திருப்புகழும் இங்கு மிகுதியாகக் கேட்கப்படுகின்றன. கோடை வெயிலும் புழுதியும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொண்டுவரும் ஈரமும், பூசை அறையின் கற்பூரப் புகையும் எண்ணெய்ப் புகையும் கருவிகளின் குறைகளுக்குத் தனித்தன்மை தருகின்றன.

மின்வழி இரைச்சல்

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அழுத்தத்தில், நொடிக்கு 50 சுழற்சி கொண்ட மாறுதிசை அலையாக வருகிறது. இந்த அலை ஒலிச்சுற்றுக்குள் கசிந்தால் ‘உம்ம்’ என்ற தாழ்ந்த முனகலாகக் கேட்கும். இதுவே ‘ஹம்’ எனப்படும். ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவுக் குமிழைக் குறைத்தால் முனகலும் குறைகிறது என்றால் அது உள்ளீட்டு வயரிலோ மூலக்கருவியிலோ இருந்து வருகிறது. குமிழை முற்றிலும் குறைத்த பின்னும் அதே அளவில் நீடித்தால் ஆம்ப்ளிஃபயரின் மின்வழங்கும் பகுதியிலிருந்து வருகிறது. பின்னதற்குக் காரணம் பெரும்பாலும் அங்குள்ள பெரிய வடிகட்டிக் கண்டென்சர் உலர்ந்து வலுவிழந்ததாகும். அப்போது முனகல் 50 அல்லாமல் 100 ஹெர்ட்ஸில், சற்றுக் கரகரப்பாகக் கேட்கும். இவ்வகைக் கண்டென்சரின் ஆயுள் சூழலின் வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடும்போது ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவிதி. எனவே ஆம்ப்ளிஃபயரை மூடிய அலமாரியில் வைப்பதோ அதன் மேல் துணி போர்த்துவதோ தீங்கு.

தொலைக்காட்சியும் ஆம்ப்ளிஃபயரும் தனித்தனிச் சுவர்ப் பிளக்குகளில் செருகப்பட்டு, ஒலி வயராலும் இணைக்கப்படும்போது, எர்த் கம்பி வழியாகவும் ஒலி வயர் வழியாகவும் ஒரு மூடிய வளையம் உருவாகி அதில் முனகல் பாய்வது உண்டு. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் இது பெரும்பாலும் நீங்கும். முனகலைப் போக்க மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிருக்கு ஆபத்தானது, எந்நிலையிலும் செய்யத்தகாதது. கோடையில் மண் காயும்போது எர்த் குழியின் மின்தடை ஏறுவதால், குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது பாதுகாப்புக்கும் இரைச்சல் குறைவதற்கும் உதவும்.

மின்வெட்டின்போது மட்டும் ‘உர்ர்’ என்ற ஒலி எழுந்தால் காரணம் இன்வெர்ட்டராகும். விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டர்கள் மென்மையான அலைக்குப் பதிலாகக் கூரிய விளிம்புள்ள அலையைத் தருவதால், ஆம்ப்ளிஃபயரிலும் மின்விசிறியிலும் இரைச்சல் எழுகிறது. சைன் அலை இன்வெர்ட்டரில் இக்குறை இல்லை. மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், எல்இடி விளக்கு, மொபைல் சார்ஜர் ஆகியவை மத்திய அலை வானொலியில் கரகரப்பை உண்டாக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது காரணம் என்பது உடனே தெரியும்.

இவ்வூர் ஆசிரமங்களை அண்டி நெடுநாள் தங்கும் வெளிநாட்டவர் கொண்டுவரும் கருவிகளில் வேறொரு குறை தோன்றக்கூடும். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டைக் குறைத்துத் தருமேயன்றி அலைவு எண்ணை மாற்றாது. எனவே அலைவு எண்ணைச் சார்ந்து சுழலும் மோட்டார் கொண்ட பழைய இசைத்தட்டுக் கருவி ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடி, பாடகரின் சுருதியை இறக்கிவிடும்.

இணைப்பும் குமிழும்

ஒலியளவுக் குமிழைத் திருகும்போது மட்டும் ‘கரகர’ என்று கேட்டால், அதனுள் உள்ள கரிப்பட்டையில் தூசியோ புகைப் படிவோ சேர்ந்திருக்கிறது என்பது பொருள். விளக்குக்கு அருகே வைக்கப்பட்ட கருவிகளில் இது மிகச் சாதாரணம். இணைப்பை எடுத்துவிட்டு, மின்தொடர்புகளைத் துடைப்பதற்கென்றே விற்கப்படும் தெளிப்பானைக் குமிழின் துளைக்குள் சிறிது அடித்து, இருபது முப்பது முறை முழுவீச்சில் திருகினால் பெரும்பாலும் சீராகும். தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் போன்றவை தூசியை மேலும் பிடித்து வைப்பதால் தவிர்க்கத்தக்கவை.

வயரை அசைக்கும்போது ஒலி வந்து போனால் அது லூஸ் காண்டாக்ட். ஜாக்கின் கழுத்தில் கம்பி இழை அறுந்தோ, உள்ளே ஈயப் பற்று விரிந்தோ இருக்கும். இசைக்கருவிகள் கேட்டும் பாடகரின் குரல் மட்டும் எங்கோ தொலைவில் ஒலிப்பதுபோல் மங்கினால், 3.5 மில்லிமீட்டர் ஜாக்கின் பொதுத் தொடர்பு அறுந்திருக்கக்கூடும். குரல் வழக்கமாக இடம், வலம் இரண்டிலும் சமமாகப் பதியப்படுகிறது. பொதுத் தொடர்பு இல்லாதபோது இரு பக்கங்களின் வேறுபாடு மட்டுமே கேட்பதால், சமமாக உள்ள குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. மைக் வசதிக்கென நான்கு பட்டை கொண்ட ஜாக்கை மூன்று பட்டைக்கான துளையில் செருகும்போதும், மொபைல் துளையில் சட்டைப்பை நூல்தூசி அடைந்து ஜாக் முழுதும் இறங்காதபோதும் இதே விளைவு நேரும். கருவியை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குத்தியால் தூசியை மெல்ல எடுத்தால் போதும்.

இரு ஸ்பீக்கர்களில் ஒன்றின் கூட்டல், கழித்தல் முனைகள் மாறியிருந்தால் மிருதங்கத்தின் இடந்தலை ஒலி மெலிந்துபோகும். கழற்றிய ஸ்பீக்கரின் முனைகளில் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை நொடிப்பொழுது தொட்டால், கூட்டல் முனை சரியாக இருக்கும்போது காகிதக் கூம்பு முன்னோக்கி நகரும். இதுவே எளிய சோதனை.

ஒலிநாடா

1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட், 3.81 மில்லிமீட்டர் அகல நாடாவை நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறது. ஒலி மங்கி, ஜால்ராவின் கூர்மை குன்றினால், நாடாவின் பழுப்புத் துகள் ‘ஹெட்’ என்னும் காந்த முனையில் படிந்திருக்கிறது. பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, துகள் நிறம் பஞ்சில் ஏறுவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையில் அழுக்கேறினால் நாடா அதில் சுற்றிச் சிக்கும். இவ்வாறு சிக்குவது மெல்லிய நாடா கொண்ட 120 நிமிடக் கேசட்டுகளில் அதிகம். பாட்டு இழுத்து இழுத்துக் கேட்டால் உள்ளிருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பெல்ட்டை மாற்றிய பின்னும் சுருதி பிசகினால், பல கருவிகளில் மோட்டாரின் பின்புறத் துளைக்குள் உள்ள சிறு திருகைத் திருப்பி வேகத்தைச் சரிசெய்யலாம். கருவி நன்றாக இருந்தும் ஒரு கேசட் மட்டும் மங்கினால், நாடாவை ஹெட்டின் மீது அழுத்தும் கம்பளித் துண்டு கேசட்டின் உள்ளே விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் நாடாச் சுருளின் மேல் வெண்பூஞ்சை தெரிந்தால் அதை ஓட்டாமல் தனியே ஒதுக்க வேண்டும். ஓட்டினால் பூஞ்சை கருவி வழியாக மற்ற நாடாக்களுக்கும் பரவும்.

குறுவட்டும் பென் டிரைவும்

1982-இல் விற்பனைக்கு வந்த சிடியைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் ஒரே தடத்தை நீளமாக மறைப்பதால், பிழைதிருத்தும் முறையால் அதை ஈடுசெய்ய முடியாமல் பாட்டு தாவும். எல்லாத் தட்டுகளும் தாவினால் லென்ஸில் தூசி படிந்திருக்கிறது.

பென் டிரைவைக் கருவி அறியவே இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதன் கோப்பு அமைப்பாகும். 32 ஜிபிக்கு மேற்பட்டவை பொதுவாக எக்ஸ்ஃபேட் அமைப்பில் வருகின்றன. எளிய ஸ்பீக்கர்களும் மந்திரப் பெட்டிகளும் ஃபேட்32 அமைப்பை மட்டுமே படிக்கின்றன. பதிகங்கள் வரிசை மாறி ஒலிப்பதும் பொதுவான புகார். இத்தகைய கருவிகளில் பல, கோப்பின் பெயரை நோக்காமல், படியெடுத்த வரிசையிலேயே ஒலிப்பதால், ‘01’, ‘02’ என்று எண்ணிட்டு, காலியான பென் டிரைவில் ஒவ்வொன்றாக அவ்வரிசையிலேயே ஏற்ற வேண்டும். பாதியில் பாட்டுகள் மறைந்தால், குறித்த கொள்ளளவு உண்மையில் இல்லாத போலி டிரைவாக இருக்கலாம்.

புளூடூத், இணையம், மின்கலம்

புளூடூத்தும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைப் பகிர்வதாலும், மனித உடல் அவ்வலையை உறிஞ்சுவதாலும், நெரிசலான இடத்தில் ஒலி விட்டுவிட்டு வரும். கார்த்திகை தீபத்தன்றும் பௌர்ணமி கிரிவலத்தன்றும் இலட்சக்கணக்கானோர் ஒரே அலைபேசிக் கோபுரங்களைச் சார்வதால், இணையவழிப் பாட்டு நிற்பது கருவியின் குறையன்று. பாடல்களை முன்னரே இறக்கி வைத்துக்கொள்வதே வழி. அழைப்பு வருவதற்குச் சற்று முன் ஸ்பீக்கரில் ‘டர்ர், டர்ர்’ என்று கேட்பது 2ஜி அலைபேசியின் துடிப்பு. மொபைலைத் தள்ளி வைத்தால் அது நிற்கும். ஒலி கூடும்போது கருவி அணைந்தால் மின்கலம் தளர்ந்திருக்கிறது. உப்பிய லித்தியம் மின்கலத்தைக் குத்தவோ மீண்டும் சார்ஜ் செய்யவோ கூடாது.

கண்டறியும் வரிசை

முதலில் பாட்டை மாற்றியும், பின் மூலக்கருவியை மாற்றியும், பின் வயரை மாற்றியும், இறுதியில் இட, வல ஸ்பீக்கர்களை ஒன்றுக்கொன்று மாற்றியும் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது இம்முறையின் உயிர்நாடி. குறை எதனுடன் சேர்ந்து நகர்கிறதோ அதுவே பழுதுள்ள பகுதி. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்குமாதலால், மேல்மூடியைத் திறக்கும் வேலையை அறிந்த மெக்கானிக்கிடம் விடுவதே முறை.

கருவியை மாற்றலாம், வீட்டுப் பெரியவர் பாடிய பதிகமோ கோயில் கச்சேரியோ பதிந்த ஒரே நாடா போனால் அதற்கு மாற்று இல்லை. ஆதலால் கேசட் கருவி சீரான உடனேயே அத்தகைய நாடாக்களைக் கணினியில் டபிள்யூஏவி கோப்பாக மாற்றி, வெவ்வேறு இடங்களில் இரண்டு படிகளாகவேனும் வைத்துக்கொள்வது ஒவ்வொரு குடும்பமும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டிய கடமையாகும்.