பீர் கிளாஸும் விற்பனை வரியும்: எங்க சித்தூர் கதை

போன மாசம் ஆபீஸ் நண்பர்களோட சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒரு ப்ரூபப்புக்குப் போயிருந்தேன். தெரியாதவங்களுக்கு: ப்ரூபப் என்றால் பீரை வெளியே வாங்காமல், கடையிலேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற இடம். இந்த ஊருக்கு இது புதுசு இல்லை, ப்ரூவர்க்ஸ் 1997லேயே வந்தாச்சு. கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயர ஸ்டீல் தொட்டிகள், வறுத்த தானியத்தின் வாசனை, மேசையில் கோழி இறக்கையும் மீன் வறுவலும். குடும்பத்தோடு வந்தவங்களும் நிறைய. நம்ம ஊர் மாதிரி பாட்டிலைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு யாரும் போகவில்லை.

பில் வந்ததும் என் கண் நேரா வரி இருக்கிற இடத்துக்குப் போச்சு. (பாங்க்காரன் புத்தி எங்கே போகும்! :-)) கணக்கு சுலபம். அரை லிட்டர் பீர், 5 சதவீதம் என்றால் அதில் 25 மில்லி சுத்த ஆல்கஹால். இங்கே பீருக்கு ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி எக்சைஸ். ஆக, ஒரு கிளாஸுக்கு ஒன்றரை வெள்ளி. அதுக்கு மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி. கோழிக்கும் அதே 9 தான்.

இந்தியாவில் அப்படி இல்லை. பெங்களூர் ப்ரூபப்பில் சாப்பிட்டதுக்கு ஜிஎஸ்டி உண்டு, குடித்ததுக்குக் கிடையாது. பீர் முழுக்க மாநில அரசோட கணக்கு. "ஒரே மேசையில ரெண்டு அரசாங்கமா? ஏன் அப்படி?"ன்னு கூட வந்த மலேசிய நண்பர் கேட்டார். அதுக்குப் பதில் சொல்லணும்னா எங்க சித்தூருக்குத்தான் வரணும்.

சித்தூர் மாவட்டம் 1911ல் உருவானது. வட ஆற்காட்டிலிருந்து சில தாலுக்காக்கள், கடப்பையிலிருந்து சில தாலுக்காக்கள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற மதராஸ் மாகாண மண். பீர் அப்போதே மாகாணத்தில் இருந்தது. நீலகிரி, பெங்களூர், மதராஸ் பக்கம் இருந்த சில மதுபான ஆலைகளைச் சேர்த்து 1915ல் தாமஸ் லீஷ்மன் ஆரம்பித்ததுதான் யுனைடெட் ப்ரூவரீஸ். ஆனால் பீர் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு. நம்ம ஜனத்துக்குக் கள்ளும் சாராயமும். அரசாங்கத்துக்கு நிலவரியை அடுத்து பெரிய வருமானங்களில் ஒன்று இந்தக் கலால் வரி.

1937ல் ராஜாஜி மாகாணப் பிரதமர் ஆனார். அக்டோபர் 1, 1937ல் தன் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டு வந்தார். இது எல்லாருக்கும் தெரியும். அடுத்து எந்த மாவட்டம் என்று கேட்டுப் பாருங்க, பலர் முழிப்பாங்க. 1938ல் சித்தூரும் கடப்பையும்! வட ஆற்காடு அதுக்கு அடுத்த வருஷம்தான்.

கடையை மூடினால் கஜானாவில் ஓட்டை விழுமே? ராஜாஜி அதை மறைக்கவில்லை. 1939ல் மதராஸ் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி இதுதான். வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்குக் கீழே வியாபாரம் செய்தவருக்கு வரி இல்லை. 20,000 வரை மாசம் 5 ரூபாய். அதற்கு மேல் அரை சதவீதம். வியாபாரிகள் கடுமையா எதிர்த்தாங்க. ஆனால் குடிக்கிறவன் கொடுத்த பணத்தை இனி எல்லாருமா சேர்ந்து கொடுக்கணும் என்று ஒரு அரசு கணக்கை வெளிப்படையா வைத்தது. பி.காம். படிக்கும்போது விற்பனை வரிப் பாடத்தில் இந்தக் கதையை யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த அக்டோபரிலேயே யுத்த விவகாரத்தில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்தது. யுத்தம் முடிவதற்குள் மதுவிலக்கும் போச்சு. வரி போகவில்லை! கடையும் இருந்தது, கடைக்கு மாற்றாக வந்த வரியும் இருந்தது.

அப்புறம் ஓமந்தூரார் 1948ல் மாகாணம் முழுக்க மூடினார். 1953ல் ஆந்திரா பிரிந்தது, சித்தூர் அந்தப் பக்கம் போனது. அடுத்த வருஷமே பிரகாசம் மந்திரிசபை இதே மதுவிலக்குப் பிரச்சினையில் ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. 1969ல் ஆந்திராவிலும், 1971ல் தமிழ்நாட்டிலும் மதுவிலக்கு தளர்ந்தது.

இதுவரை சொன்னது எல்லாம் மேலே இருந்தவங்க போட்ட கணக்கு. 1992ல் கீழே இருந்து ஒரு கணக்கு வந்தது. நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில், அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தாங்க. ரோசம்மா என்ற பெயர் அப்போதுதான் வெளியே தெரிந்தது. மாநிலக் கஜானாவுக்குப் போகிற வருமானம் தங்கள் புருஷன்களோட கூலி என்பது அவங்களுக்குத் தெரியும். அந்த வரியை அடுப்படியில் ஏற்கெனவே கட்டிக்கொண்டு இருந்தவங்க அவங்கதான். பல இடத்தில் சாராய ஏலமே நடத்த முடியவில்லை. 1993 அக்டோபரில் மாநிலம் முழுக்கச் சாராயம் நின்றது. 1995 ஜனவரியில் என்.டி.ஆர். முழு மதுவிலக்கு கொண்டு வந்தார்.

அப்போ நான் ஸ்கூல் பையன். சாயங்காலம் காட்பாடி, வேலூர் பக்கம் போகிற பஸ்ஸில் திடீர்னு கூட்டம். திரும்பி வருகிற பஸ்ஸில் வாசனை :-). ஆனால் எங்க தெருவில் சண்டைச் சத்தம் குறைந்ததும் நிஜம். அம்மா அதை இன்னைக்கும் சொல்வாங்க.

கஜானா? 1996ல் 2 ரூபாய் அரிசி மூன்றரை ரூபாய் ஆனது. 1997ல் சந்திரபாபு நாயுடு, அவரும் எங்க சித்தூர் மாவட்டத்துக்காரர்தான், மதுவிலக்கைத் தளர்த்தினார். 2019ல் படிப்படியா மதுவிலக்கு என்று சொல்லி அரசே கடை நடத்தியது. 2024 அக்டோபரில் கடைகள் மறுபடி தனியார் கைக்குப் போயின. தமிழ்நாட்டு டாஸ்மாக் பற்றி நான் சொல்லித்தான் தெரியணுமா?

இப்போ நண்பரோட கேள்விக்கு வருவோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மாநிலங்கள் விற்பனை வரியைப் பெரும்பாலும் விட்டுக் கொடுத்தன. விடாமல் கையில் வைத்துக்கொண்டவை முக்கியமா இரண்டு: பெட்ரோல் வகையறா, மது. கவனிச்சீங்களா? மதுவை விட ராஜாஜி கண்டுபிடித்த வரியைக் கொடுத்துவிட்டு, மதுவை வைத்துக்கொண்டோம். இனி ஒரு முதலமைச்சர் நல்ல எண்ணத்தோடு கடையை மூட நினைத்தாலும், 1939 மாதிரி தானாகவே ஒரு பொது விற்பனை வரி போட முடியாது. ஜிஎஸ்டி விகிதம் டெல்லியில் கவுன்சில் கூடி முடிவு செய்கிறது.

குடிப்பது சரியா தப்பா என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். எனக்கும் ஒரு கிளாஸ் பிடிக்கும். ஆனால் நம்மில் பலர் ஊரில் வீடு, ஓட்டு, அம்மா அப்பா எல்லாம் வைத்திருக்கிறவங்க. அடுத்த தேர்தலில் யாராவது "கடையை மூடுவோம்" என்று மேடையில் சொன்னால், கை தட்டும் முன்னால் ஒன்று கேளுங்க: அந்தப் பணத்துக்குப் பதில் யார் தரப் போறாங்க? "மூட மாட்டோம்" என்று சொல்கிறவரிடமும் ஒன்று கேளுங்க: இப்போ அதை எந்த வீட்டு அடுப்பு தருது?