செவியும் களமும்: மலைத்தோட்டத்து இசை கேட்ட வரலாறு

தோற்றுவாய்

இசையைப் பற்றி எழுதுவோர் பாடுவோரையும் பண்ணையும் கருவியையும் பற்றி விரிவாக எழுதுவர். கேட்பவன் எங்கிருந்து கேட்டான், எதன் வாயிலாகக் கேட்டான் என்று ஆராய்வோர் சிலரே. ஆயினும் தமிழ் மரபு இவ்வினாவைத் தொன்றுதொட்டே மதித்து வந்துள்ளது. தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் உடன்வைத்து எண்ணுகிறது. நிலம் வேறுபட்டால் அந்நிலத்துக்குரிய ஒலியும் வேறுபடும் என்பது அதனால் பெறப்படும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையோ, மாதவி ஆடிய அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அளவு கூறிச் செல்கிறது. கலைக்கு ஏற்ற களம் வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இக்கண்கொண்டு கேமரன் மலையின் திரிங்காப் வட்டாரத்தை நோக்கினால், அங்கு வாழ்ந்த தோட்டத் தமிழர் எவ்வெவ்விசையைக் கேட்டனர், எவ்விசை அவர்களை எட்டாமலே நின்றது என்பது விளங்கும். காதில் அணிந்து கேட்கும் ஹெட்போன், குறிப்பாகத் திறந்த வகை ஹெட்போன், அவ்வரலாற்றில் பெறும் இடத்தையும் ஈண்டுக் காண்போம்.

மலையும் மக்களும்

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தைக் கண்டறிந்து குறிப்பிட்டார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. நாற்பது ஆண்டுகள் கழிந்து, 1925க்குப் பின்னரே இதனைத் திருத்தும் முயற்சி வலுப்பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. தானா ராத்தாவையும் பிரிஞ்சாங்கையும் கடந்து வடக்கே செல்லும் சாலையில் காய்கறித் தோட்டங்கள் சூழ அமைந்த சிற்றூர் திரிங்காப். அதற்கும் அப்பால் கோலா தெர்லா, கம்போங் ராஜா, புளூ வேலி தேயிலைத் தோட்டம் எனச் சாலை நீளும்.

கொழுந்து பறிக்க வந்த தமிழர் தம் ஒலிகளையும் உடன் கொணர்ந்தனர். லயத்து வீடுகளின் நடுவே எழுந்த அம்மன் கோவிலும் முனியாண்டி கோவிலும் அவ்வொலிகளின் இருப்பிடமாயின. திருவிழா நாளில் உறுமியும் தப்பும் முழங்கின. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உராயும்போது எழும் நீண்ட முழக்கம் பனிமூட்டத்தையும் ஊடுருவிச் செல்லும். இவை வெட்டவெளிக்கென்றே பிறந்த இசைகள். கேட்க வேண்டும் என்று எவரும் தனியே முயல வேண்டியதில்லை. தோட்டம் முழுவதும் கேட்டது.

கூடிக் கேட்ட காலம்

கோவிலுக்கு அடுத்தபடியாக இசை பரப்பியவை இசைத்தட்டும் வானொலியும். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஒலிக்கும். மணிக்கணக்கில் ஆலாபனை செய்யவல்ல நாகசுர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் அச்சிறு வட்டத்துக்குள் அடங்கித்தான் கடல் கடந்தது. இசைப்பெட்டி வாங்கும் வசதி கிராணிமார் போன்ற சிலருக்கே இருந்தது. ஆயினும் சன்னல் வழியே வழிந்த பாட்டு லயம் முழுவதற்கும் பொதுவாயிற்று.

1946இல் ரேடியோ மலாயா தொடங்கப்பட்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் மக்கள் கூடிக் கேட்பதற்கெனப் பொது வானொலிப் பெட்டிகளை அரசு அமைத்தது. செய்தியும் அரசின் கருத்தும் பரவ வேண்டும் என்பது அதன் நோக்கம். மக்களோ பாட்டுக்காகக் காத்திருந்தனர். அந்தத் தமிழ் ஒலிபரப்பின் வழித்தோன்றலே இன்றைய மின்னல் எஃப்எம்.

பின்னர்க் கோவில்களிலும் திருமண வீடுகளிலும் கூம்பு ஒலிபெருக்கி வந்தது. இதன் இயல்பு கருதத்தக்கது. கூம்பு ஒலிபெருக்கி மனிதக் குரலின் நடுப்பகுதியை வெகுதொலைவு கொண்டு செல்லும். கீழ்ச்சுருதி ஒலிகளைப் பெரும்பாலும் இழந்துவிடும். ஆகவே நாகசுரமும் ஓங்கிய குரலும் பள்ளத்தாக்கைக் கடந்தன. மிருதங்கத்தின் இடப்பக்கமாகிய தொப்பியின் கனத்த நாதமும் தம்புராவின் ரீங்காரமும் வழியிலேயே மறைந்தன.

எட்டாமல் நின்ற இசை

வெட்டவெளியும் கூம்பும் எந்த இசையைத் தாங்குமோ அந்த இசையே தோட்டத் தமிழரின் இசையாயிற்று. தாங்காத இசையுள் தலையாயது வீணை. 1938இல் மறைந்த வீணை தனம்மாள், சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார் என்பதும், சிற்றொலியும் எழாத அமைதியை அங்கே எதிர்பார்த்தார் என்பதும் இசை வரலாறு அறிந்தோர் அறிந்தவை. தந்தியை மீட்டிய பின் அது தேய்ந்து மறையும் வரை நீளும் கமகமே வீணையின் உயிர். அவ்வுயிரைக் கேட்கச் சிறிய கூடமும் நிறைந்த அமைதியும் வேண்டும். ஒரு சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் வாழ்ந்த லயத்தில் அத்தகைய கூடத்திற்கு எங்கே போவது?

மலைத்தோட்டத்துப் பிள்ளைக்கு வீணை தொலைவில் நின்றதற்குச் சுவைக்குறைவைக் காரணமாகச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. சுவைக்குமுன் களம் வேண்டும். அக்களம் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதே உண்மை.

காதிலமைந்த கூடம்

அக்களத்தை ஒருவாறு வழங்கியது ஹெட்போன். அமெரிக்க நாட்டு யூட்டா மாநிலத்து நத்தானியேல் பால்ட்வின் 1910இல் அந்நாட்டுக் கடற்படைக்கு இத்தகைய கருவிகளைச் செய்தளித்தார். 1937இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் டிடி 48 என்பதை உருவாக்கியது. 1958இல் ஜான் காஸ் ஸ்டீரியோ இசைக்கான ஹெட்போனை வெளியிட்டார். இவ்வகைக் கருவிகளில் கிண்ணத்தின் பின்புறம் மூடப்பட்டிருந்தது. 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்னும் திறந்த வகையைக் கொணர்ந்தது. மஞ்சள் நிறப் பஞ்சுறையோடு விளங்கிய அவ்வெளிய கருவி ஒரு கோடிக்கும் மேல் விற்றது. 1979இல் சோனி வாக்மேன் வந்தபோது அதனுடன் அளிக்கப்பட்டதும் பஞ்சுறையிட்ட, காதை மூடாத மெல்லிய ஹெட்போனே. ஒலிநாடா மலிவாகப் பரவிய அக்காலத்தில்தான் தோட்டத்து இளைஞர்க்குத் தனித்துக் கேட்கும் வாய்ப்பு அரும்பியது.

திறந்த வகைக்கும் மூடிய வகைக்கும் உள்ள வேறுபாடு எளிது. ஒலி எழுப்பும் மென்தகடு முன்னும் பின்னும் அதிர்கிறது. பின்புறம் மூடியிருந்தால் பின்னெழுந்த ஒலி கிண்ணத்துள் மோதித் திரும்பி, முன்னொலியோடு கலக்கக்கூடும். பின்புறம் வலைபோல் திறந்திருந்தால் அவ்வொலி வெளியேறிவிடும். அதனால் தெளிவும், ஒலி தலைக்குள் அடைபடாமல் பரந்து நிற்கும் உணர்வும் கிட்டும். குறைகளும் உண்டு. மிகத் தாழ்ந்த சுருதிகளின் வலிமை குறையும். அருகிலிருப்போருக்குப் பாட்டுக் கேட்கும். வெளியோசையும் உள்ளே புகும்.

இசைவகையும் கருவிவகையும்

திறந்த வகையுள்ளும் வேறுபாடுகள் பல. நம் இசைவகைகளை வைத்தே அவற்றை ஒப்பிடுவது மாணவர்க்குப் பயன்தரும்.

வீணைக்கும் குரலிசைக்கும் நடுச்சுருதிகள் நேர்மையாக ஒலிக்க வேண்டும். 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 இதற்குப் பெயர் பெற்றது. மிடற்றின் அசைவும் தந்தியின் தேய்வும் மிகையின்றிக் கேட்கும். அதன் மின்தடை 300 ஓம் ஆதலால், சிறு கருவிகளால் அதனை முழு வலிமையுடன் இயக்குதல் அரிது.

பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த பதிவுகளில் கீறல் ஓசை மிகுதி. மேல்சுருதியைச் சற்றே மென்மையாக்கித் தரும் எச்டி 650 (2003) அவற்றுக்கு இதமானது. மேல்சுருதியை எடுப்பாக ஒலிக்கும் பேயர்டைனமிக் டிடி 990இல் அக்கீறல்கள் முன்வந்து நிற்கும். நாகசுரத்தின் கூர்மையும் தாளத்தின் ஒலியும் அதில் நெடுநேரம் கேட்போரைக் களைப்படையச் செய்யும்.

திரைப்பாடல் வேறொரு களம். 1978இல் வெளிவந்த ‘ப்ரியா’, தமிழில் ஸ்டீரியோ முறைப் பாடல் பதிவுக்கு முன்னோடியாகப் போற்றப்படுகிறது. இளையராஜா இடமும் வலமும் பிரித்து வைத்த வாத்தியங்கள், ஒற்றை ஒலிபெருக்கியில் ஒரே குவியலாகும். பரந்த ஒலித்தளம் காட்டும் ஏகேஜி கே 701 போன்றவற்றில் ஒவ்வொன்றும் தன் இருக்கையில் அமர்ந்திருப்பதை உணரலாம்.

உறுமிக்கும் தப்புக்கும் வருவோம். அவற்றின் அதிர்வைக் காது மட்டுமன்றி நெஞ்சும் கேட்கிறது. எச்டி 600, கே 701 போன்றவை அவ்வதிர்வின் ஆழத்தை முழுமையாகத் தருவதில்லை. பரந்த தட்டையான மென்தகட்டைக் காந்தங்களால் இயக்கும் வகை ஓரளவு தரும். ஆயினும் உறுமியின் உரிய களம் கோவில் முற்றமே. அதனை எக்கருவியும் ஈடுசெய்ய இயலாது.

முடிவுரை

இவ்வரலாற்றில் பேறும் உண்டு; இழப்பும் உண்டு. களம் மறுக்கப்பட்டவர்க்கு ஹெட்போன் ஒரு கூடத்தைக் காதிலேயே கட்டித் தந்தது. திரிங்காப்பில் அமர்ந்திருக்கும் மாணவி இன்று தனம்மாளின் வீணையைக் கேட்கலாம். அவள் பாட்டனாருக்கு அது கிட்டவில்லை. ஆனால் பாட்டனார் கேட்ட பாட்டை அயல்வீட்டாரும் கேட்டனர். அதைப் பற்றி மறுநாள் பெரட்டுக் களத்தில் பேசவும் செய்தனர். அப்பொதுமை இன்று தேய்ந்து வருகிறது. வெளியோசையை அறவே விலக்காத திறந்த வகை, இவ்விரு நிலைகளுக்கும் இடையே நிற்கிறது. அதனை அணிந்தவரை அன்னை அழைத்தால் செவியில் விழும்.

ஒன்று கருதுக. காய்கறி ஏற்றும் லாரிகள் இரையும் சாலையோரத்தில் திறந்த வகையை அணிந்தால், இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டத் தோன்றும். 80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் என்பதே பெரியவர்களுக்குப் பாதுகாப்பான எல்லை என உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்துள்ளது. ஆகவே அமைதியான இடமே இதற்குத் தக்கது.

தமிழாசிரியர்கள் அரங்கேற்று காதையைப் பயிற்றும்போது, ஒரே வீணைப் பதிவை வகுப்பறை ஒலிபெருக்கியிலும் திறந்த வகை ஹெட்போனிலும் மாணவரைக் கேட்கச் செய்யலாம். இரண்டிலும் கேட்டவை எவை, மறைந்தவை எவை என அவர்கள் எழுதட்டும். இளங்கோவடிகள் அரங்கிற்கு அளவு கூறியதன் காரணம் அவர்களுக்கு உரையின்றியே விளங்கும். தம் மூதாதையர் செவிக்கு எட்டாமல் நின்ற இசை எத்துணை என்பதையும் அவர்கள் உணர்வர்.