கயிற்றில் ஓடிய நாடா

ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிப்பதுதான், தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவின் பழைய ஓட்டம். நெசவாளியின் கை எட்டும் தூரமே துணியின் அகலம். அதற்கு மேல் அகலம் வேண்டுமானால் தறிக்கு இரண்டு ஆள். 1733-ல் லங்காஷயரைச் சேர்ந்த ஜான் கே, பலகையின் இரு முனையிலும் பெட்டி வைத்து, கயிற்றைச் சுண்டினால் நாடா தானே ஓடும்படி செய்தார். அதுதான் விசைநாடா. பிழைப்பு போய்விடும் என்று நெசவாளர்கள் அவரைப் பகைத்தார்கள். துணி முதலாளிகளோ கருவியை எடுத்துக்கொண்டு காசு தர மறுத்தார்கள். வழக்குகளில் நொடித்துப்போன கே, பிரான்சுக்குப் போய் அங்கேயே இறந்தார்.

நாடா நிற்கவில்லை. அது வங்காளத்து ஸ்ரீராம்பூர்த் தறிகளில் ஏறியது. 1900-ஐ ஒட்டி மதராஸில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி அரசு சார்பில் அதைப் பரப்ப முனைந்தார். வடசென்னையில் அதற்கு வீடு கொடுத்தவர் பிட்டி தியாகராயர். நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் குடும்பத்தில் 1852-ல் பிறந்த வணிகர். விசைநாடா பூட்டிய கைத்தறிகளோடு நெசவுக்கூடம் நடத்தியவர்.

லங்காஷயரில் விரட்டப்பட்ட கருவி இங்கே வரவேற்கப்பட்டதற்குக் காரணம் எதிரி மாறியதுதான். அங்கே நெசவாளிக்குப் போட்டி இந்த நாடா. இங்கே போட்டி ஆலைத்துணி. ஒரே ஆள் கூடுதலாக நெய்தால்தான் கைத்தறி தாக்குப்பிடிக்கும். அதை நெசவுச் சாதிக்குள்ளிருந்தே ஒரு முதலாளி செய்து காட்டியபோது, அரசு அதிகாரி சொன்னதைவிட அது எளிதாக எடுபட்டிருக்க வேண்டும். 1940-களுக்குள் மதராஸ் மாகாணத்துத் தறிகளில் பெரும்பாலானவை விசைநாடாவுக்கு மாறிவிட்டன.

தியாகராயரின் பெயர் நிலைத்தது அரசியலால். தென்னிந்திய வர்த்தக சபை, நீதிக்கட்சி, மாநகராட்சித் தலைமை, சட்டமன்றம் என்று போனது அவர் வாழ்வு. 1920 தேர்தலில் கட்சி வென்றதும் ஆளுநர் வில்லிங்டன் அமைச்சரவை அமைக்க அவரை அழைத்தார், அவர் மறுத்துவிட்டார். அதே கட்சியின் சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். 1925-ல் தியாகராயர் மறைந்தார். அவர் பெயரில் தியாகராய நகர் எழுந்தது.

அந்தத் தி. நகரில் இன்று விலை உயர்ந்து நிற்பது காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவை. இரு கரைக்கும் ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்று மூன்று நாடாக்களை மாற்றி எறிய வேண்டிய அந்த நெசவுக்குக் கயிற்று நாடா உதவாது. கோர்வை நெசவில் இன்றும் ஒரு தறிக்கு இரண்டு ஆள்தான். வேகம் கைத்தறியைப் பிழைக்க வைத்தது. வேகம் நுழைய முடியாத இடமோ அதற்கு விலை தேடித் தந்திருக்கிறது.