விருந்தினருக்காக ஊரைக் கற்றவர்கள்

சிங்கப்பூரில் ஒரு பெரிய விளையாட்டு விழா நடந்தால் பதக்கம் வென்றவர்களின் பெயர்கள் மறுநாளே நாளிதழில் வந்துவிடும். விடியுமுன் எழுந்து வந்து வாசலில் நின்றவர், வழி தவறிய பயிற்றுவிப்பாளரை அரங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தவர், வெறிச்சோடிய இருக்கைகளுக்கிடையே கடைசியாக நடந்து வீடு திரும்பியவர் ஆகியோரின் பெயர்களை எந்தப் பட்டியலிலும் காண முடியாது. அந்தத் தொண்டூழியர் படை வளர்ந்த கதையை இம்மலரில் பதிவுசெய்வது நாம் செலுத்த வேண்டிய நன்றிக்கடன். அவர்களோடு தோள் சேர்த்து நின்றவன் என்ற உரிமையோடும் பெருமையோடும் இதை எழுதுகிறேன்.

கதை காலாங்கில் தொடங்குகிறது. 1973 ஜூலை 21 அன்று பிரதமர் லீ குவான் இயூ அங்கே தேசிய விளையாட்டரங்கத்தைத் திறந்துவைத்தார். ஆறே வாரங்களில், செப்டம்பர் 1 அன்று, ஏழாவது தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள் அதே அரங்கில் தொடங்கின. தனி நாடாகி எட்டு ஆண்டுகளே ஆகியிருந்த சிங்கப்பூர் முதன்முறையாக அண்டை நாடுகளை அழைத்து உபசரித்த பெரிய விளையாட்டு விழா அது. விளையாட்டாளர்கள் தங்குவதற்கு, தோ பாயோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளையே கிராமமாக்கினார்கள். விழா முடிந்ததும் அந்த வீடுகளில் குடும்பங்கள் குடியேறின. கையிலுள்ளதைக் கொண்டு விருந்தோம்பலாம், விருந்துக்காகச் செய்ததைப் பிறகு ஊருக்கே பயன்படுத்தலாம் என்னும் வழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது. பின்னாளில் தொண்டூழியத்திலும் அதே வழக்கம் தொடர்ந்தது.

அடுத்த பெரிய திருப்பம் 2010 ஆகஸ்ட் 14 முதல் 26 வரை நடந்த இளையர் ஒலிம்பிக். மாஸ்கோவோடு போட்டியிட்டு நாம் பெற்ற வாய்ப்பு. உலகிலேயே முதல் இளையர் ஒலிம்பிக். 14 முதல் 18 வயது வரையிலான ஏறத்தாழ 3,600 விளையாட்டாளர்கள் வந்தார்கள். அவர்களை வரவேற்க ஏறத்தாழ 20,000 தொண்டூழியர்கள் திரண்டார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் விளையாட்டாளர் கிராமமானது. தொடக்க விழா மரினா பே மிதக்கும் மேடையில் நடந்தது. பீஷானில் திடல்தடப் போட்டிகள், ஜாலான் புசாரில் காற்பந்து, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நெடுமுப்போட்டி என்று தீவு முழுவதும் விழாக்கோலம் பூண்டது. ஜூரோங்கில் இருப்பவர் தெம்பனிசுக்கும், உட்லண்ட்சில் இருப்பவர் கடற்கரைக்கும் பணிக்குப் போனார்கள். பிறந்து வளர்ந்த ஊரிலேயே அதுவரை கால்வைக்காத மூலைகள் இத்தனையா என்று எத்தனையோ பேர் வியந்தது அந்த நாள்களில்தான்.

2015இல் அந்தப் படைக்கு ஒரு பெயர் கிடைத்தது. நாடு பொன்விழாக் கண்ட அவ்வாண்டில், ஜூன் 5 முதல் 16 வரை 28ஆவது தென்கிழக்காசிய விளையாட்டுகள் இங்கு நடந்தன. பதினொரு நாடுகள், 36 விளையாட்டுகள், 402 போட்டிகள். பழைய அரங்கம் இருந்த காலாங்கிலேயே, திறந்து மூடும் பிரம்மாண்டக் குவிமாடத்தோடு புதிய தேசிய விளையாட்டரங்கம் எழுந்திருந்தது. விழாவின் சின்னம் நிலா என்னும் சிங்கம். சிங்கப்பூருக்குப் பெயரிட்டவராகச் சொல்லப்படும் சாங் நிலா உத்தாமாவை நினைவூட்டும் பெயர் அது. 17,000க்கும் மேற்பட்ட தொண்டூழியர்கள் ‘டீம் நிலா’ ஆனார்கள். மாணவர், இல்லத்தரசியர், பணி ஓய்வு பெற்றோர், விடுப்பெடுத்து வந்த அலுவலர் என எல்லாத் தரப்பினரும் அதில் இருந்தார்கள்.

தொண்டூழியம் என்றால் வாசலில் நின்று வணக்கம் சொல்வது என்றே பலரும் நினைக்கிறார்கள். உள்ளே துறைகள் பல. பார்வையாளர் பகுதியில் நிற்பவர் திடலுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பின்னால் சாதனையே நிகழ்ந்தாலும் ஆரவாரம்தான் அவர் காதில் விழும். ஊக்கமருந்துச் சோதனைக்குத் துணையாகச் செல்பவரின் பணி இன்னும் நுட்பமானது. சோதனைக்குத் தேர்வான செய்தியை விளையாட்டாளரிடம் சொன்ன நொடியிலிருந்து, சோதனை நிலையத்தில் ஒப்படைக்கும்வரை அவரைக் கண்பார்வையிலிருந்து தவறவிடக் கூடாது. வென்றவர் கொடியைப் போர்த்திக்கொண்டு ஓடும்போதும், தோற்றவர் தலைகுனிந்து அமர்ந்திருக்கும்போதும் அந்தத் தொண்டூழியர் அருகில் இருப்பார். அந்த மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் இடைஞ்சல் செய்யமாட்டார். இந்தப் பக்குவம் வகுப்பில் பாதியும் களத்தில் மீதியுமாக வருவது.

அந்த 2015 ஜூன் மாதத்தில் 18 வயது வெரோனிக்கா சாந்தி பெரேரா 200 மீட்டர் ஓட்டத்தை 23.60 விநாடிகளில் முடித்துத் தங்கம் வென்றார். 1973இல் அதே காலாங்கில் அதே ஓட்டத்தில் குளோரி பர்னபஸ் வென்றதற்குப் பின், 42 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த தங்கம் அது. அரங்கமே எழுந்து நின்ற அந்த மாலையிலும் எத்தனையோ தொண்டூழியர்கள் தத்தம் கதவருகே, தத்தம் படிக்கட்டருகே கடமையில் இருந்தார்கள். சிங்கப்பூர் அம்முறை பெற்ற 84 தங்கங்களுக்குப் பின்னால் அவர்களுடைய பொறுமையும் இருக்கிறது.

2015இல் தனி விளையாட்டாளர் கிராமம் இல்லை. குழுக்கள் நகர ஹோட்டல்களில் தங்கின. அதனால் குழுக்களோடு இருந்த தொண்டூழியர்களுக்கு ஊரும் பணிக்களமாயிற்று. ஓய்வு கிடைத்த மாலைகளில் விருந்தினர்கள் கேட்பது மெர்லயன் சிலையும் மரினா பேயும் மட்டுமல்ல. தங்கள் ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும், தங்கள் மொழி பேசுகிறவர்களை எங்கே பார்க்கலாம் என்றும் கேட்பார்கள். மியன்மார் மக்கள் கூடும் பெனின்சுலா பிளாசா, பிலிப்பினோ சமூகம் ஞாயிறுதோறும் நிறையும் லக்கி பிளாசா, அப்போது தாய்லாந்துக் கடைகளால் நிறைந்திருந்த பீச் ரோடு கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் ஆகியவை நாம் பேருந்திலிருந்து பார்த்துக் கடந்துபோன இடங்கள். விருந்தினருக்கு வழிகாட்டப் போய்த்தான், நம்மோடு இதே தீவில் வாழ்கிறவர்களின் வாழ்க்கையை நாம் எட்டிப் பார்த்தோம்.

காலாங்கைச் சுற்றியே ஒரு மாலையைக் கழிக்கலாம். ஸ்டேடியம் ரயில் நிலையத்திலிருந்து வட்டப்பாதையில் இரண்டு நிறுத்தம் போனால் டக்கோட்டா. அருகே ஓல்டு ஏர்போர்ட் ரோடு உணவங்காடி நிலையம். 1937இல் திறக்கப்பட்ட காலாங் விமான நிலையத்தின் நினைவு அந்தச் சாலைப் பெயரில் இன்னும் இருக்கிறது. இன்னொரு திசையில் போனால் கம்போங் கிளாம், சுல்தான் பள்ளிவாசல். அதற்கப்பால் சிராங்கூன் சாலை, தேக்கா சந்தை. வெளியூர்க்காரர் ஒருவருக்கு இட்லியையும் மீ கோரெங்கையும் ஒரே மாலையில் அறிமுகப்படுத்தியவருக்குத் தன் ஊரின் அருமை புதிதாகப் புரியும்.

அதே ஆண்டு டிசம்பர் 3 முதல் 9 வரை நடந்த ஆசியான் உடற்குறையுள்ளோர் விளையாட்டுகள் வேறொரு பாடம் தந்தன. பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது; அவர் நம் முழங்கையைப் பற்றிக்கொள்ள, நாம் அரையடி முன்னே நடக்க வேண்டும். சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளக் கூடாது. இவற்றைக் கற்றவர்களின் கண்கள், பழகிய பேருந்து நிறுத்தத்திலும் புளோக்கின் மின்தூக்கியிலும்கூட ஒரு படிக்கட்டின் உயரத்தையும் கதவின் அகலத்தையும் கவனிக்கத் தொடங்கின.

விழா முடிந்ததும் படையைக் கலைத்துவிடாமல் வைத்துக்கொண்டதுதான் இந்த வரலாற்றின் சிறந்த முடிவு என்பேன். ஸ்போர்ட் சிங்கப்பூரின் கீழ் டீம் நிலா நிரந்தரத் தொண்டூழிய அமைப்பானது. அக்கம்பக்க விளையாட்டு நிலையங்களிலும் சமூக விளையாட்டு நிகழ்ச்சிகளிலும் அதன் பணி தொடர்கிறது. அன்று தோ பாயோ வீடுகள் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்ததுபோல, விழாவில் பெற்ற பழக்கமும் பேட்டைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

2025இல் உலக நீச்சல் விளையாட்டு வெற்றியாளர் போட்டியைத் தென்கிழக்காசியாவில் முதன்முதலாக நாம் நடத்தினோம். 2029இல் தென்கிழக்காசிய விளையாட்டுகள் மீண்டும் சிங்கப்பூருக்கு வருகின்றன. இம்மலரைப் படிக்கும் இளையர்கள் அதற்குத் தொண்டூழியர்களாகப் பெயர் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். முன்னர்த் தொண்டாற்றிய பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் அவர்களோடு சேர்ந்து வரட்டும். வருகிற விருந்தினர் நம் ஊரைப் பற்றி என்ன கேட்டாலும் பதில் சொல்லத் தெரிந்த தலைமுறையாக நாம் அவர்களை வரவேற்போம்.