முன்கூட்டியே தைத்த இசை

ஒரு குறிப்பிட்ட படத்துக்காகவோ நிகழ்ச்சிக்காகவோ அல்லாமல், யாருக்காவது தேவைப்படும் என்ற கணிப்பில் முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்து அடுக்கி வைக்கும் இசைக்கு ஸ்டாக் மியூசிக் என்று பெயர். பிரிட்டனில் இதை நூலக இசை என்பார்கள். அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் கடையில் தொங்கும் ரெடிமேட் சட்டைக்கும் உள்ள வேறுபாடுதான் படத்துக்கென்றே அமைத்த இசைக்கும் இதற்கும். அணியப்போகிறவர் யாரென்று தெரியாமலே தைக்க வேண்டும், அணிந்தால் பொருந்தவும் வேண்டும். அந்த நெருக்கடிக்குள் இசையமைப்பாளர் தன் கைவண்ணத்தை எவ்வளவு காப்பாற்ற முடிந்தது என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

தொழில் பிறந்தது மௌனப்பட அரங்கில். திரைக்குக் கீழே அமர்ந்த பியானோக்காரர் புதுப்புதுப் படங்களுக்கு ஒத்திகையின்றி வாசித்தாக வேண்டியிருந்தது. 1909இல் எடிசன் நிறுவனம் தன் படங்களின் காட்சிகளுக்கு எவ்வகை இசை ஏற்றது என்ற பரிந்துரைகளைத் தன் இதழில் அச்சிடத் தொடங்கியது. 1913இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துச் சாம் ஃபாக்ஸ் பதிப்பகம், ஜே. எஸ். ஸமெக்னிக் எழுதிய திரைப்பட இசைத் தொகுப்பைக் கொண்டுவந்தது. திருடன் நுழையும் காட்சிக்கு, சண்டைக்கு, தீ விபத்துக்கு, புயலுக்கு, சாவு ஊர்வலத்துக்கு என்று தனித்தனித் துண்டுகள் அதில் இருந்தன. ஸமெக்னிக் பிராகில் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கிடம் பயின்றவர். சிறு துண்டுகளிலும் அந்தப் பயிற்சி தெரிகிறது. அவர் பல புனைபெயர்களில் எழுதினார். புனைபெயர் வழக்கம் இந்தத் தொழிலோடு ஒட்டிப் பிறந்தது என்றே சொல்லலாம்.

அந்தத் தொகுப்பில் சீன இசை, கீழைத்தேய இசை, செவ்விந்தியர் இசை என்ற தலைப்புகளும் உண்டு. அந்த மக்கள் உண்மையில் பாடியதற்கும் இவற்றுக்கும் தொடர்பு மிகக் குறைவு. பார்வையாளர் சட்டென்று அடையாளம் காண வேண்டும் என்பதற்காக ஒரு பண்பாடு முழுவதும் நான்கைந்து ஸ்வர அசைவுகளாகச் சுருக்கப்பட்டது. சந்தைக்காக இசை தன் நேர்மையை விட்டுக்கொடுத்த முதல் இடமும், மிக மோசமான இடமும் இதுதான். அந்தச் சுருக்கங்கள் பிற்காலப் படங்களிலும் விளம்பரங்களிலும் நெடுநாள் நீடித்தன.

பெர்லினில் ஜுசெப்பே பெச்சே 1919இலிருந்து கினோதெக் என்ற தொகுப்புகளை வெளியிட்டார். நியூயார்க்கில் ஏர்னோ ராப்பே 1924இல் தொகுத்த தடித்த புத்தகம் 52 உணர்ச்சிகளுக்கும் சூழல்களுக்கும் இசை தந்தது. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அந்தப் பட்டியல் பக்க எண்களோடு அச்சாகியிருந்ததால், வாசித்துக்கொண்டே ஒரு கையால் புரட்டி அடுத்த உணர்ச்சிக்குத் தாவலாம். இன்றைய இணையத் தேடல் பெட்டியின் மூதாதை அந்தப் பக்க ஓரம்.

1920களின் இறுதியில் பேசும் படம் வந்ததும் அரங்கப் பியானோக்காரர்கள் வேலையிழந்தார்கள். ஆனால் ஆயத்த இசையின் தேவை தீரவில்லை. தாளில் விற்றது ஒலிப்பதிவாக விற்கத் தொடங்கியது. டச்சு இசைக்கலைஞர் மேயர் டி வுல்ஃப் 1909இல் லண்டனில் தொடங்கிய பதிப்பகம் இந்த மாற்றத்தில் முன்னின்றது. செய்திப்படங்களும் ஆவணப்படங்களும் நல்ல வாடிக்கையாளர்களாயின. 1940களில் சாப்பல் நிறுவனத்தின் நூலகம் பொதுமக்களுக்கு விற்காத இசைத்தட்டுகளைத் தயாரிப்பாளர்களுக்கு மட்டும் அனுப்பியது. அதிலிருந்த சார்லஸ் வில்லியம்ஸின் டெவில்ஸ் காலப் என்ற பாய்ச்சல் இசை, 1946இல் பிபிசி வானொலியின் டிக் பார்ட்டன் துப்பறியும் தொடருக்கு முகப்பானது. மெட்டை நாடே அறிந்திருந்தது. எழுதியவர் பெயரை அறிந்தவர்கள் சிலரே.

இத்தொழில் பிழைத்ததற்கு உரிமை ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம். பிரபலப் பாடல் ஒன்றைப் படத்தில் சேர்க்கப் பதிப்பாளரிடம் ஒரு அனுமதியும் ஒலிப்பதிவு உரிமையாளரிடம் இன்னொன்றும் பெற வேண்டும். நூலகத்தில் இரண்டும் ஒரே கையில். கட்டணம் அட்டவணைப்படி; பேரம் இல்லை, காத்திருப்பு இல்லை. இசையமைப்பாளருக்கோ ஒலிபரப்பாகும் ஒவ்வொரு முறையும் உரிமைச் சங்கம் வழியே சிறு தொகை வரும். பேர் போனாலும் வருமானம் போகாது.

1960களின் நடுவிலிருந்து ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளைப் பொற்காலம் என்றால் மிகையில்லை. லண்டனின் கேபிஎம் நிறுவனத்தில் ராபின் ஃபிலிப்ஸ் 1966இல் நெடுந்தட்டு வரிசை ஒன்றைத் தொடங்கினார். உறைகள் எல்லாம் ஒரே மாதிரிப் பச்சை. பின்புறத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி விளக்கமும் நீளமும் இருக்கும், அவ்வளவுதான். ஆலன் ஹாக்ஷா, கீத் மான்ஸ்ஃபீல்ட், ஜானி பியர்சன், தி ஷேடோஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் பிரையன் பென்னட் ஆகியோர் அங்கே எழுதினார்கள். ஒலிப்பதிவு இசை மேடைப் பிழைப்பைக் கெடுக்கும் என்று அஞ்சிய பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் பல ஆண்டுகள் உள்நாட்டில் இத்தகைய பதிவுகளை எதிர்த்ததால், பல தட்டுகள் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் பதிவாயின.

இவர்களுக்குக் கிடைத்த கட்டளை பயனைப் பற்றியது: தொழிற்சாலைக் காட்சி, விளையாட்டு வெற்றி, நகரத்து இரவு. ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சந்தை அவ்வளவாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் இவர்கள் வாழ்ந்தார்கள். ஜாஸும் ஃபங்கும் மின்னொலிப் பரிசோதனையும் 'பின்னணி' என்ற பெயரில் உள்ளே வந்தன. வானொலியில் ஏறுமா என்ற கவலை இல்லை, பாடகர் இல்லை, விமர்சகர் இல்லை. பிபிசியின் ஒலிப்பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த டெலியா டெர்பிஷயர், லி டி லா ரூஸ் என்ற புனைபெயரில் 1969இல் ஒரு நூலகத் தட்டுக்கு மின்னிசை தந்தார். அவருடைய துணிச்சலான ஒலிகள் சில இப்படிப் பேர் மறைத்துத்தான் வெளியாயின.

எழுதிய பின் அந்த இசைக்கு என்ன நேரும் என்பது இசையமைப்பாளர் கையில் இல்லை. பியர்சனின் ஹெவி ஆக்ஷன் பிபிசியின் விளையாட்டு நிகழ்ச்சிக்கும் அமெரிக்கத் திங்கள் இரவுக் கால்பந்துக்கும் முகப்பானது. ஹாக்ஷாவின் சிக்கன் மேன் ஒரே காலகட்டத்தில் பிபிசியின் பள்ளிக்கூட நாடகத்திலும் போட்டி அலைவரிசையின் ஊமை நடிப்பு விளையாட்டிலும் ஒலித்தது; வாங்கியவர் எவருக்கும் அது தனிச்சொத்து அல்ல. திகில்பட இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ குறைந்த செலவில் எடுத்த, பிணங்கள் எழுந்து நடமாடும் 1968ஆம் ஆண்டுப் படத்துக்கு நூலக இசையே துணை. பத்தாண்டு கழித்து, வணிக வளாகத்தில் பிணங்கள் திரியும் அடுத்த படத்தில், ஹெர்பர்ட் சாப்பல் எழுதிய தி காங்க் என்ற துள்ளலான மெட்டை அவர் வைத்தார். வேடிக்கைக்காகப் பிறந்த அந்த இசை திரையில் நடுக்கம் தருகிறது. ஒரு ஸ்வரமும் மாறவில்லை. இசையின் பொருளில் பாதியைக் காட்சிதான் எழுதுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

சிந்தசைசரும் குறுந்தகடும் வந்தபின் இசைக்குழுக்கள் குறைந்தன. பழைய பச்சை உறைத் தட்டுகள் குப்பைக்குப் போயின. 1990களில் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடிப்பிடித்தார்கள், ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்கள் அவற்றிலிருந்து தாளத் துண்டுகளை வெட்டி எடுத்தார்கள், பெயரற்றவர்களுக்குக் காலந்தாழ்ந்து பெயர் கிடைத்தது.

இணையம் இத்தொழிலின் வாசலை எல்லோருக்கும் திறந்தது. வீட்டு அறையில் பதிவு செய்தவரும் ஆடியோஜங்கிள் போன்ற சந்தைத் தளங்களில் நேரடியாக விற்க முடிந்தது. ஒருமுறை பணம் கட்டினால் மீண்டும் கட்டத் தேவையில்லை என்ற பொருளில் 'ராயல்டி ஃப்ரீ' என்ற சொல் பரவியது. இசை இலவசம் என்று அதற்குப் பொருளில்லை. ஸ்டாக்ஹோமில் 2009இல் தொடங்கிய எபிடெமிக் சவுண்ட், இசையின் உரிமையைப் பணம் கொடுத்து வாங்கிச் சந்தாவில் வழங்கியது.

வாசல் அகன்றது, அறை குறுகியது. எது அதிகம் விற்கிறது என்ற பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும்போது, அடுத்தவர் அதையே எழுதுகிறார். உக்குலேலே, கைதட்டல், மணியொலி, நான்கு ஸ்வரக் கூட்டுகளில் ஏறிக்கொண்டே போகும் பியானோ ஆகியவற்றால் ஆன 'உற்சாக நிறுவன இசை' உலகெங்கும் ஒரே முகத்தோடு ஒலிப்பது இதனால்தான். முன்பு பயனை மட்டும் கேட்ட சந்தை, இப்போது ஒலியையும் கேட்கிறது. பேச்சுக்கு இடையூறாகாதபடி மெட்டு நீக்கிய வடிவமும் 60, 30, 15 நொடி வெட்டுகளும் சேர்த்துத் தர வேண்டியிருக்கிறது. பலர் விற்பனைக்கு ஒரு பெயர், மனத்துக்கு உகந்ததற்கு இன்னொரு பெயர் என்று ஸமெக்னிக்கின் பழைய வழியையே பின்பற்றுகிறார்கள்.

எழுபதுகளில் யாரும் கேட்காமலே எழுதிய ஃபங்க் கிட்டாரும் ஹாமண்ட் ஆர்கனும் இன்று அதே பட்டியல்களில் 'எழுபதுகளின் ஒலி' என்ற தனிப் பிரிவாகியிருக்கின்றன. டிஜிட்டலாக்கிய பழைய பதிவுகளுக்குப் பக்கத்திலேயே, அவற்றைப் போல எழுதிய புதியவையும் விற்பனையில் உள்ளன.