ஜின்னும் பூதமும்

அலாவுதீன் கதை அரபு நாட்டுப் பழஞ்சொத்து என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் அக்கதை இல்லை. அலெப்போவினரான ஹன்னா தியாப் 1709-இல் பாரிஸில் சொல்லக் கேட்டு, அந்துவான் கலான் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் மொழிபெயர்ப்பில் சேர்த்தது அது.

அதில் வரும் ஜின், தமிழில் பூதமாயிற்று. நல்லதே என்போம். நெருப்பினால் படைக்கப்பட்டு, இறைவன் முன் கணக்குக் கொடுக்கவேண்டிய ஜின் வேறு. விளக்கைத் தேய்த்ததும் கைகட்டி நிற்கும் ஏவலாள் வேறு.

கடம்பூர், கோவில்பட்டிக் கரிசல் ஊர்களில் பேய்க்கதைக்குப் பஞ்சமில்லை, இடைசெவல் கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளைப் புரட்டினாலே போதும். ஆயினும் பேய்க்கு அஞ்சும் பிள்ளைகள் பூதத்திற்கு அஞ்சுவதில்லை. காரணம், 1967-இல் வெளியான 'பட்டணத்தில் பூதம்' எனலாம். எழுத்தாளர் ஜாவர் சீதாராமனே அதில் ஜீபூம்பா என்னும் பூதமாக நடித்தார். பேராற்றல் படைத்த அது, சென்னையின் நடைமுறை புரியாமல் விழிக்கிறது. கடம்பூரில் ரயிலேறி முதன்முறை எழும்பூரில் இறங்கியவனும் அப்படித்தானே விழித்திருப்பான்! அதன்மேல் அச்சம் எப்படி வரும்? 'ஜீபூம்பா' என்பது சிறுவர் விளையாட்டில் மந்திரச் சொல்லாகவே நிலைத்துவிட்டது.

2004 முதல் சன் தொலைக்காட்சியில் வந்த 'மை டியர் பூதம்' தொடரிலோ பூதமே சிறுவனாகிவிட்டது. அன்று அதைப் பார்த்த பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டனர்; அப்பூதத்தின் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் மலர்கின்றனர். அப்பெயர் மூசா. நம் வீடுகளில் அன்றாடம் அழைக்கப்படும் பெயர்தான்.